புடவை கட்டிய விமானம்

என்னிடம் விமானப் பொறியியல் பட்டம் ஒன்று இருக்கிறது. இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. அதுவும் காஞ்சிபுரத்தில் வாயே திறக்க முடியாது. சொன்னதும் எதிரில் இருப்பவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு நீதானா?" என்று கேட்பார். நான்தான். பைபாஸ் ரோட்டுப் பக்கம், நல்ல நேரம் பார்த்து, மேளதாளத்தோடு, ஒரு விமானத்தைத் தெருத்தெருவாக ஓட்டிய பொண்ணு நானேதான்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. படிப்பு முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. விமானக் கம்பெனிகள் எதுவும் என்னை இன்னும் கண்டுபிடிக்கவில்லை (நானும் விலாசத்தோடு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன்). கையில் இருந்த ஒரே சொத்து, கடைசி வருஷம் நானே செய்த ரிமோட் விமானம். தெர்மாகோலும் லேசான பால்சா மரமும் சேர்த்து ஒட்டியது. இறக்கை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒன்றரை மீட்டர். மூக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மின்சார மோட்டார். மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலுக்கு எடுத்துப் போய்க் கையால் வீசினால் பத்து நிமிஷம் அழகாகச் சுற்றிவிட்டு வந்து இறங்கும். நன்றாகப் பறந்துகொண்டிருந்த பொருளை அப்படியே விட்டிருக்கலாம்.

விடாததற்குக் காரணம் அப்பா. அப்பா பெயர் ஆரோக்கியம். பட்டுப்புடவைக் கடை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக சேல்ஸ்மேன். அவருடைய அப்பா கூரம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டுக்கடையின் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்தவர் அப்பாதான். ஆனால் உட்கார்ந்தது கீழ்த்தளத்தில். கீழ்த்தளம் என்றால் வைத்துக்கொடுக்கிற புடவை, சீமந்தப் புடவை, சித்திக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை விற்பது முதல் மாடியில். முதலாளி பைபாஸில் பெரிதாக ஒரு புதுக் கடை கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடையின் முதல் மாடிக்கு யார் பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பாவா, அவரோடு சேர்ந்தே வேலைக்கு வந்த பலராமனா என்பதுதான் கடைக்குள் பேச்சு. அப்பா அந்த முதல் மாடியைத் தவிர வேறு எதையும் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து என் எதிரில் நின்றார்.

"சொல்ட்டேம்மா."

"இன்னாப்பா சொன்ன?"

"தெறப்பு விழாவுக்குப் புச்சா எதுனா செய்யணும், பலூன் கிலூன் வோணாம்னு மொதலாளி கேட்டுக்கினு இருந்தாரு. பலராமன் கேரளா செண்டை மேளம்னான். நான், நம்ம கடைப் பட்டுப் பொடவய ப்ளேன் பின்னாடி கட்டி ஆகாசத்துல பறக்க வுடலாம் மொதலாளின்னேன். எம் பொண்ணு செய்வான்னேன்."

"அதுக்கு அவரு?"

"எழுந்து நின்னுட்டாரும்மா."

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எதுவும் எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று கேட்காமல் அவளுக்கு ஓடாது. "பொடவ எவ்ளோ கனம், ப்ளேன் எவ்ளோ கனம், அத மொதல்ல கேளுடி," என்றாள். விமானவியலில் நான்கு வருஷம் படித்த என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய கேள்வி அது. நான் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷத்தில் "வேலை எப்பம்மா?" என்று ஒருதடவைகூடக் கேட்காதவர். இவருக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? "செஞ்சிடலாம்பா," என்றேன்.

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனேன். தங்கமான மனிதர். கோபம் வந்தால் மட்டும் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தெலுங்குக்குப் போய்விடுவார். மெல்லிய துணியில் புடவை மாதிரி அச்சடித்துக் கட்டினால் விமானம் சுலபமாக இழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மெல்லிசா?" என்றார். அந்தக் கடைக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாத வார்த்தை போலிருக்கிறது. "நம்ம கடைப் பொடவ மெல்லிசுன்னு ஊரு பேசறதுக்காம்மா நான் கட தெறக்கறேன்? ஒரிஜினல் பட்டு, சுத்த ஜரிக, கோர்வ பார்டர். கடையிலயே எது கனமோ அதான் பறக்கணும்."

அப்பாவிடம் திரும்பி, "பொடவ தரையில மட்டும் படக் கூடாது ஆரோக்கியம். தாலி கட்டறப்போ ஒரு பொண்ணு கட்டிக்கப் போற பொடவ," என்றார். அப்பா மாதா கோயிலில் நிற்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பட்டின் மரியாதை அதன் கனத்தில் இருக்கிறது. அப்பா ஒரு புடவையைப் பற்றி நீளமாகப் பேசவே மாட்டார். மடிப்புக் கலையாமல் எடுத்து வாடிக்கையாளரின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துவிட்டு, "வாங்கிப் பாருங்கம்மா," என்பார். கை ஒரு அங்குலம் கீழே இறங்கும். முகம் மலரும். அவ்வளவுதான், பில் போட்டுவிடலாம். இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுக் குக்கர், நாற்காலி, பூட்டு, ஜெபப் புத்தகம் எல்லாமே அப்பா கையில் தூக்கிப் பார்த்து எடுத்தவை. எனக்கு வந்த முதல் வரனைக்கூட "பையன் ஒல்லியா இருக்கறாம்மா" என்றுதான் தள்ளினார்.

இந்த மனிதரைத்தான் நான் என்ஜின் வாங்க அழைத்துப்போனேன்.

புடவை கிட்டத்தட்ட ஒரு கிலோ. என் எலுமிச்சம்பழ மோட்டாரால் அதன் முந்தானையைக்கூட இழுக்க முடியாது. பெட்ரோல் என்ஜின் வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின் இதையெல்லாம் ரிப்பேர் பார்க்கும் காதர் பாய் எங்களுக்குத் தெரிந்தவர். அவர் இரண்டு என்ஜினைத் துடைத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சின்ன மரம் அறுக்கும் மெஷினிலிருந்து கழற்றியது. கைக்கு அடக்கமாக, லேசாக இருந்தது. இன்னொன்று மருந்தடிக்கும் மெஷினிலிருந்து கழற்றிய பழைய பெரிய என்ஜின்.

"இது போதும்மா," என்று சின்னதைக் காட்டினார் காதர் பாய். "பெருசு உன் ப்ளேனுக்கு ஜாஸ்தி. சொல்றதச் சொல்ட்டேன்."

அப்பா சின்னதை ஒரு கையில் எடுத்தார். கை அசையவில்லை. உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார். பெரியதை இரண்டு உள்ளங்கையிலும் வாங்கினார். கை ஒரு அங்குலம் இறங்கியது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"மெர்சி, இதைக் கையில வாங்கிப் பாரும்மா," என்றார்.

நானும் வாங்கிப் பார்த்தேன். என் முகமும் மலர்ந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருஷம் படித்த தூக்கு விசை, இழுவை விசை எல்லாம் எந்த மூலைக்குப் போனதோ தெரியவில்லை. ரத்தம் பேசிவிட்டது. "நல்ல வெயிட்டுப்பா," என்றேன். காதர் பாய் சின்ன என்ஜினைப் பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். போடவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. விடை பிடிக்காததால் மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை, காற்றின் வேகம் நமக்குச் சாதகமாக இருக்கும் என்று வைத்துக்கொண்டதில் விமானம் பறந்துவிட்டது.

காகிதத்தில் பறந்தது தரையில் மூக்கைக் குத்திக்கொண்டது. என்ஜினைப் பொருத்திவிட்டு இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினேன். சரியாக இருந்தால் விமானம் படுத்த வாக்கில் நிற்கவேண்டும். இது வால் கூரையைப் பார்க்க, மூக்கு என் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"முன்னாடி கனம்னா பின்னாடியும் கனத்தப் போடும்மா. தராசுதானே," என்றார் அப்பா. டயர் கடையிலிருந்து சக்கரத்துக்குப் போடும் ஈயக்கட்டிகளை வாங்கிவந்தார். வாலில் ஒட்டினோம். சமமாக நின்றது. நடு முதுகு விரிசல் விட்டது. விரிசலுக்குப் பிளைவுட் வைத்து ஆணி அடித்தோம். அந்தக் கனத்தில் விமானத்தின் ஸ்பாஞ்சுச் சக்கரம் நசுங்கியது. அதைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தை ஓட்டி ஓய்ந்த மூன்று சக்கர சைக்கிளின் சக்கரங்களைப் போட்டோம். சக்கரத்தைத் தாங்க இரும்புப் பட்டை. இரும்புப் பட்டையால் மூக்கு மறுபடி கனத்தது. மறுபடி ஈயம்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து எங்கள் நடுவில் வைத்தாள். "இது ஒண்ணுதான் பாக்கி," என்றாள்.

எடை பார்ப்பதற்காக விமானத்தின் நடுப்பகுதியைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை அரிசிக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா போர்வையை விலக்கிப் பார்க்க வந்து, "எத்தினி மாசம்?" என்று கேட்டாள். இறக்கையையும் சேர்த்தால் ஒன்பது கிலோவும் கொஞ்சமும் வந்தது. ஒரு கிலோ விமானம் என் கண்முன்னே ஒன்பது கிலோ ஆகியிருந்தது. இந்த இடத்தில் ஒரு புத்திசாலி நிறுத்தியிருப்பாள்.

நான் நிறுத்தாமல் என்ஜினை ஓட்டிப் பார்த்தேன். விமானத்தை வேப்பமரத்தில் கயிற்றால் கட்டிவிட்டு அப்பா கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தார். அப்பப்பா, என்ன சத்தம்! ஆன்லைனில் வரவழைத்த மர விசிறி (புரொப்பல்லர் அப்பாவின் வாயில் நுழையாது, கடைசிவரை 'ஃபேன்'தான்) சுழன்றதில் வாசலில் காய்ந்த துணியெல்லாம் அடுத்த தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டில் தறி நின்றது. மரம் இலையைக் கொட்டியது. அந்தப் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு அப்பா கண்ணைத் துடைத்தார். புகையால் என்று சொன்னார். இந்த ஆளுக்காக இது பறந்தே தீரவேண்டும் என்று நினைத்தேன். பறக்கவிட்டுச் சோதிக்க நேரமில்லை. ஆற்று மணலில் இந்தச் சக்கரம் இறங்கிவிடும் என்பதால் இடமும் இல்லை. அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். பறக்கவேண்டும் என்று அல்ல, யார் மேலும் விழக் கூடாது என்று.

திறப்பு விழாக் காலை. புதுக் கடைக்குப் பின்னால் மனைப்பிரிவு ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் அழகான தார் ரோடு, நடுவில் ஒரு வீடுகூட இல்லை. "பூங்காவிற்கு ஒதுக்கப்பட்ட இடம்" என்ற பலகைக்குப் பின்னால் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த ரோடுதான் என் ஓடுபாதை. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து, கயிறு கட்டி ஜனத்தை ஓரமாக நிறுத்தியிருந்தோம். பந்தலில் சிறப்பு விருந்தினர், முதலாளி குடும்பம், பக்கத்தில் நாதஸ்வரக் கோஷ்டி. செண்டை மேளம் தோற்றுப்போனதில் பலராமனுக்கு வருத்தம்தான், இருந்தாலும் உதவிக்கு வந்து நின்றார்.

புடவை அரக்கு நிறம், பச்சை பார்டர். நீளவாக்கில் மடித்து, ஒரு முனையைக் கயிற்றால் விமானத்தின் வால் கொக்கியில் மாட்டினேன். நடுப்பகுதியைப் பலராமனும் முந்தானையை அப்பாவும் கையில் ஏந்திக்கொண்டு விமானத்தோடு கூட ஓடிவர வேண்டும். நான் "விடுங்க" என்றதும் இரண்டு பேரும் விட்டுவிட வேண்டும். இதுதான் திட்டம். நான்கு தடவை சொன்னேன். நான்கு தடவையும் இருவரும் தலையாட்டினார்கள்.

என்ஜினைக் கிளப்பி, ரிமோட்டில் வேகத்தைக் கூட்டினேன். விமானம் உறுமிக்கொண்டு நகர்ந்தது. மூன்று சக்கர சைக்கிளின் சக்கரம் கடகடவென்று உருண்டது. அப்பாவும் பலராமனும் கடைச் சீருடையில், கல்யாணப் பெண்ணுக்குத் தோழி போவது மாதிரி புடவையை ஏந்திக்கொண்டு ஓடினார்கள். வேகம் வந்தது. மூக்கு லேசாக நிமிர்ந்த மாதிரி இருந்தது.

"விடுங்க!" என்று கத்தினேன்.

விடவில்லை.

"விடுப்பா! பொடவய விடு!"

"வுட்டா தரையில பட்டுடும்மா!" என்று ஓடிக்கொண்டே கத்தினார் அப்பா.

என் நான்கு வருஷப் படிப்பில் இப்படி ஒரு இழுவை விசை பாடத்திலேயே இல்லை. முன்னால் என்ஜின் இழுக்க, பின்னால் இரண்டு விசுவாசமான சேல்ஸ்மேன்கள் பிடித்துக்கொண்டு ஓட, விமானம் ஆட்டோ வேகத்தில் ரோட்டின் கடைசிக்கு வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தேன். குறையவில்லை. வேகக் கம்பி எங்கோ சிக்கிவிட்டது. நிறுத்துகிற சுவிட்ச்? காதர் பாய் நல்ல சுவிட்ச்தான் வைத்துக் கொடுத்திருந்தார். அது என்ஜின் மேலேயே இருந்தது. சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் கையை விட்டு அதை அமுக்க யாராவது முன்வரவேண்டும்.

மிச்சம் என் கையில் இருந்தது முன்சக்கரம் மட்டுந்தான். வலப்பக்கம் திருப்பினேன். விமானம் ஒழுங்காக வலப்பக்கத் தெருவுக்குள் நுழைந்தது. அதன் முடிவில் மறுபடி வலம். இப்படியே ஜனத்துக்குள் புகாமல் சுற்றிக்கொண்டிருந்தால் பெட்ரோல் தீர்ந்து நின்றுவிடும் என்று எண்ணம். இரண்டாவது தெருவில் பலராமன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா அவருடைய பங்குப் புடவையையும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஒரு செருப்பு அங்கே கழன்றது, இன்னொன்று மூன்றாவது தெருவில்.

நான்காவது தெரு பந்தலுக்கு எதிரே வருகிறது. தூரத்தில் உறுமல் கேட்டு நாதஸ்வரக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார். பட்டுப்புடவை சாத்திய ஏதோ ஒன்று, பின்னால் ஒரு பக்தர் ஏந்திவர, நான்கு வீதியும் வலம் சுற்றிக்கொண்டு வருகிறது. வருஷம் முழுக்கப் பெருமாள் புறப்பாட்டுக்கு வாசித்தே பழகிய மனிதர். அவர் என்ன செய்வார்? சட்டென்று எழுந்து மல்லாரி வாசிக்க ஆரம்பித்துவிட்டார். தவில்காரரும் சேர்ந்துகொண்டார். பந்தலில் இருந்த நாலைந்து பெண்கள் தங்களை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். என் விமானம் அவர்கள் எதிரே புகையைக் கக்கிக்கொண்டு கம்பீரமாகக் கடந்து இரண்டாவது சுற்றுக்குப் போனது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் ரிமோட் தெரியாது என்பதால் அழவில்லை.

இரண்டாவது சுற்றில், பந்தல் தெரு திரும்பும் முனையில் வால் கொக்கி பிய்த்துக்கொண்டது. புடவை மொத்தமாக அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. அப்பா நின்றார். விமானம் நிற்கவில்லை. வீடே இல்லாத அந்த மனைப்பிரிவில் யாரோ ஒரு புண்ணியவான் வேகத்தடை மட்டும் போட்டு வைத்திருந்தான். முழு வேகத்தில் அதில் ஏறியது. படார் என்று ஒரு சத்தம். என்ஜின் மூக்கைப் பெயர்த்துக்கொண்டு, விசிறியோடு தனியாகப் புறப்பட்டு, ஓரமாகக் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலுக்குள் தலையை விட்டு அடங்கியது.

அப்புறம் நடந்ததை நான் பல தடவை வீடியோவில் பார்த்திருக்கிறேன். என்ஜின் போன நிம்மதியில், மிச்சமிருந்த விமானம் எழுந்தது. வால் ஈயத்தின் புண்ணியத்தில் மூக்கு வானத்தைப் பார்க்க, காம்பவுண்டுச் சுவர் உயரத்துக்கு மேலே போனது. மூன்று விநாடி. என்ஜினே இல்லாமல், சத்தமே இல்லாமல் பறந்தது. பிறகு யோசித்துப் பார்த்த மாதிரி வால் பக்கமாகச் சரிந்து, பந்தலுக்குப் பத்தடி முன்னால் உட்கார்ந்து இரண்டாகப் பிளந்தது. சிறப்பு விருந்தினர் நிகழ்ச்சி நல்லபடி முடிந்ததாக நினைத்துக் கைதட்டினார்.

முதலாளி என்னை நோக்கி வந்தார். தெலுங்கில் வந்தார். எனக்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் நிறைய புரிந்தது. பேசிக்கொண்டே அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். தெருமுனையில், நடு ரோட்டில், அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மூச்சு வாங்கியதில் தோள் ஏறி ஏறி இறங்கியது. புடவையின் ஒரு ஓரத்தை மோவாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம், விரித்ததை மடிக்காமல் வைக்க வராது.

மடித்து முடித்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி வாங்கிப் பிரித்தார். வெயிலுக்குக் காட்டினார், பின்பக்கம் புரட்டினார், பார்டரைத் தடவினார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை, ஒரு துளி மண் இல்லை. தலையைக் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்கய்யா?" என்றார். தமிழில் கேட்டார்.

"வந்துக்கினு இருக்கசொல்ல வுழுந்துடுச்சு மொதலாளி," என்றார் அப்பா. தார் ரோட்டில் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அதுவரை அடக்கியதெல்லாம் உடைந்துவிட்டது. எல்லார் எதிரிலும் ஓவென்று அழுதேன். அவருடைய முதல் மாடியை நானே இடித்துத் தள்ளிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்போது பந்தலிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிவந்தது. மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணியிலிருந்து வந்தவர்கள். அந்த அம்மா முதலாளியிடம், "பொடவைய கீழ வுடாம ஓடினாரே, இவரு எந்த செக்ஷன்ல இருப்பாரு? இவருகிட்டதான் நாங்க பொடவ பாக்கணும்," என்றாள்.

முதலாளி பலராமனைப் பார்த்தார். பலராமன் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்தார். உடைந்த விமானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மொத மாடிம்மா," என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா உப்புப் போட்ட வெந்நீரில் அப்பாவின் காலை வைத்தாள். முதல் மாடி கிடைத்த மனிதர் முகத்தில் ஏதோ குறை இருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"பறந்துச்சாமேம்மா?"

"மூணு செகண்டுப்பா."

"நான் பாக்கலியே. மடிச்சிக்கினு இருந்துட்டேன்," என்றார். அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் விமானவியல் பாடம் நடத்துகிறேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழையும் முன்பே பிள்ளைகள் மல்லாரி வைத்த அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஒரே கேள்வி, ஊர்வலத்துக்குக் கார் வைக்கட்டுமா, ப்ளேன் வைக்கட்டுமா என்பது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அம்மா வீடியோவைப் போட்டு, அப்பாவின் முதுகு தெரியும் இடத்தில் நிறுத்தி, "எங்க பாத்துக்கினு இருக்கறாரு பாரு உங்க தாத்தா" என்று என் மகனுக்குக் காட்டுவாள். அப்பா சிரிப்பார், மறுக்க மாட்டார்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் தோழியின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அந்தக் கடைக்குப் போயிருந்தோம். முதல் மாடியில் அப்பா வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து ஒரு குடும்பத்துக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஏறி வந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இந்தப் பொடவதாம்மா, இதே ஜாதி, இதே கனம். எம் பொண்ணு ப்ளேன்ல கட்டிப் பறக்க வுட்டா. எங் கண்ணால பாத்தேன்."

"அடேங்கப்பா! எவ்ளோ ஒசரம் போச்சு?" என்று கேட்டாள் அந்தக் குடும்பத்துக் கல்யாணப் பெண்.

அப்பா நிமிர்ந்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி திருதிருவென்று விழித்தார். பிறகு, விரலை மெல்ல உயர்த்தி மூன்றாவது மாடியையும் தாண்டி எங்கேயோ காட்டினார். அவர் பார்வை போன வழியில் மெத்தையைச் சுற்றி இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"அதுக்கும் மேல," என்றேன் நான், விமானப் பொறியியல் பட்டதாரி.